ஜாங்கோ ரைன்ஹார்ட்: 1939-க்குப் பிறகு வந்த பதிவுகள் தேவையா?

முள்ளும்தட்டும்:
நண்பர் ஒருவர் ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோவை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று கேட்டார். இருபது பதிவுகளை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் படித்தால், அதில் ஒன்றுகூட 1939-க்குப் பிந்தையது இல்லை. யோசித்து ஒதுக்கவில்லை, கை தானாக அங்கேயே போயிருக்கிறது. அதனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோவின் உயிர் 1934-க்கும் 1939-க்கும் நடுவில்தான் இருக்கிறது. பிறகு வந்ததில் நல்லது இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் 1946-ல் அமெரிக்கா போய்வந்து மின் கிதாரைப் பிடித்த பிறகு அவர் தன் குரலை விட்டுவிட்டார்.

பாரிஸில் 1934 டிசம்பரில் அவருடைய ஐவர் குழு செய்த முதல் பதிவுகளைக் கேளுங்கள். ஜாங்கோ, வயலினில் ஸ்தெஃபான் கிராப்பெல்லி, ரிதம் கிதாரில் தம்பி ஜோசஃபும் ரோஜே ஷாபூவும், பாஸில் லுயி வோலா. டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, ஊதுகுழல் எதுவும் கிடையாது. முழுக்க முழுக்கத் தந்தி. அமெரிக்காவில் பிறந்த ஜாஸை, அமெரிக்க வாத்தியக் கட்டமைப்பு இல்லாமலேயே ஆடவைத்த முதல் ஐரோப்பியக் குழு என்று அதைச் சொன்னால் மிகையில்லை. 1937 நவம்பரில் பதிவான 'மைனர் ஸ்விங்' மூன்றே சொச்சம் நிமிடம், முடியும்போது பின்னால் ஒரு குரல் உற்சாகத்தில் கத்துகிறது பாருங்கள், அந்த நிறைவு பிந்தைய பதிவுகளில் எனக்குக் கிடைக்கவே இல்லை. கடைசியில் அவர் அமெரிக்காவில் கில்லெஸ்பியும் பார்க்கரும் போட்ட பாதையில், பீபாப் என்ற புது ஜாஸ் பாணியில் போனார். அந்தப் பாதையில் அப்போது நூறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.

தூறல்:
முள்ளும்தட்டும் சார், உங்கள் பதிவுகளை எப்போதும் தேடிப் படிப்பவள் நான், அதனால்தான் இதைப் படித்ததும் பொறுக்கவில்லை. "குரலை விட்டுவிட்டார்" என்கிறீர்களே, 1953 மார்ச் 10-ஆம் தேதி பாரிஸில் பதிவான எட்டுப் பாடல்களையும் ஒரே மூச்சில் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? மொரிஸ் வாந்தேர் பியானோ, பியேர் மிஷ்லோ பாஸ், ஜான்-லூயி வியால் டிரம்ஸ், ஜாங்கோ மின் கிதார். கூட இருந்தவர்கள் எல்லாரும் இருபதுகளில் இருந்த பையன்கள், இவருக்கு 43 வயது, இரண்டே மாதத்தில் மே 16-ஆம் தேதி ஃபோந்தேன்புளோவில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோகிறார். அது தெரிந்து கேட்பதால் எனக்கு உருக்கம் கூடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, தேதி எதுவும் சொல்லாமல் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. 'மனுவார் த மே ரேவ்' முடிந்ததும் "இவர் யாரிடமோ மெதுவாப் பேசிக்கிட்டு இருக்கிறார்" என்றார்.

1937-ல் அவர் வாசித்ததைக் கேட்டு வாய் பிளக்கிறோம். 1953-ல் வாசித்ததைக் கேட்டால் வாய் மூடிக்கொள்கிறது. எனக்கு இரண்டாவது பெரிது.

ஆறாம்தந்தி:
நான் முள்ளும்தட்டும் பக்கம். பதினோரு வருடமாக ரிதம் கிதார் வாசிக்கிறேன், இந்த வகை இசையில் 'லா போம்ப்' என்று சொல்கிற அந்த மீட்டல்தான் எனக்குச் சோறு. வெளியில் இருந்து கேட்டால் டக்-டக் என்று நான்கு அடி போலத் தெரியும். உண்மையில் ஒவ்வோர் அடிக்கும் இடையில் மணிக்கட்டு மேலே திரும்பும்போது தந்தியை லேசாகத் தொட்டுவிட்டுத்தான் வரும், அந்தத் தொடுகை சரியாக விழாவிட்டால் ரயில் ஓடாது, மாட்டுவண்டி ஓடும். இரண்டு பேர் சேர்ந்து அப்படி அடிக்கும்போது டிரம்ஸுக்கு என்ன வேலை? டிரம்ஸ் வந்ததும் முதலில் காணாமல் போவது இந்தச் சுவாசம்தான். 1953 பதிவில் வியால் மோசமான டிரம்மர் என்று சொல்லவில்லை, நல்ல டிரம்மர், ஆனால் அந்த இடத்தில் யாரை உட்காரவைத்தாலும் அது உலகத்தில் எந்த ஊர் ஜாஸ் குழுவாகவும் இருக்கலாம். 1934 குழு வேறு எந்தக் குழுவாகவும் இருக்க முடியாது.

மூன்றாம்சாமம்:
கொஞ்சம் நில்லுங்கள் எல்லாரும். இந்தச் சண்டைக்கு எழுபது எண்பது வயது ஆகிறது. ஜாங்கோ உயிரோடு இருக்கும்போதே பாரிஸில் இதே சண்டை நடந்தது. ஹாட் கிளப் என்ற ஜாஸ் ரசிகர் சங்கத்தை நடத்திய ஷார்ல் தெலோனேயும் உய்க் பனாசியேயும் நெருங்கிய கூட்டாளிகள், இருவரும் சேர்ந்துதான் பிரான்சில் ஜாஸுக்கு ஆள் சேர்த்தார்கள். போர் முடிந்து அமெரிக்காவிலிருந்து பீபாப் இசைத்தட்டுகள் வந்து இறங்கியதும் தெலோனே அதைக் கொண்டாடினார், பனாசியே அது ஜாஸே இல்லை என்றார், 1947 வாக்கில் இயக்கமே இரண்டாக உடைந்தது. ஜாங்கோ அந்த உடைப்பின் நடுவில் நின்று கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். பழைய ரசிகர்கள் 'மைனர் ஸ்விங்' கேட்டார்கள், இவருக்குக் காது வேறு பக்கம் போய்விட்டது.

இன்னொன்று. 1939 கோடு என்று முள்ளும்தட்டும் போடுகிறாரே, அந்தக் கோட்டைப் போட்டது ஜாங்கோ இல்லை, போர். போர் தொடங்கியபோது குழு லண்டனில் இருந்தது, ஜாங்கோ பாரிஸுக்குத் திரும்பினார், கிராப்பெல்லி இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். வயலின் இல்லாததால் 1940-ல் உய்பேர் ரோஸ்தான் என்ற கிளாரினெட் கலைஞரையும் பியேர் ஃபுவாத் என்ற டிரம்மரையும் சேர்த்தார். அந்தக் குழுவோடுதான் 'நுவாஜ்' பதிவாகிறது. 'மேகங்கள்' என்று அர்த்தம். ஜெர்மன் படை நடமாடுகிற பாரிஸில், தன் ரோமா (ஜிப்சி) மக்களை ஐரோப்பா முழுக்க முகாம்களில் அடைத்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், அந்த ஊரே முணுமுணுத்த மெட்டு அது. 1943-ல் அவரே சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டப் பார்த்துப் பிடிபட்டார். என்னைக் கேட்டால் 1940 முதல் 1943 வரை உள்ள காலம்தான் உச்சம், இரண்டு கட்சிக்காரர்களும் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறீர்கள்.

முள்ளும்தட்டும்:
மூன்றாம்சாமம், 'நுவாஜ்' பெரிய பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் எனக்குப் பிடித்தது மெட்டு. வாசிப்பு என்று பார்த்தால் 1939 ஜூனில் பதிவான 'ஐ'ல் ஸீ யூ இன் மை ட்ரீம்ஸ்' பக்கத்தில் எதையும் வைக்க முடியாது. ஒரே ஒரு சோலோ, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, ஒரு வாக்கியம் இன்னொன்றைப் பெற்றெடுத்துக்கொண்டே போகிறது. ஒரு நோட்டைக்கூட எடுத்துவிட முடியாது. கிதார் கற்பவர்கள் இன்றும் அதை நோட்டுக்கு நோட்டு மனப்பாடம் செய்கிறார்கள்.

மூன்றாம்சாமம்:
அதில் கிராப்பெல்லி இல்லையே. இன்னொரு கிதார், ஒரு பாஸ், அவ்வளவுதான். அதாவது நீங்களே உச்சம் என்று சொல்கிற பதிவில் ஐவர் குழு இல்லை. அவர் அப்போதே அதிலிருந்து நழுவிக்கொண்டிருந்தார். 1937 டிசம்பரிலேயே பித்தளைக் குழல்கள் நிறைந்த பெரிய குழுவை வைத்து 'பொலேரோ' பதிவு செய்திருக்கிறார், அதே வருடம் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர்கள் கோல்மன் ஹாக்கின்ஸ், பென்னி கார்ட்டரோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறார், அங்கே டிரம்ஸ் இருந்தது, யாருக்கும் மூச்சு முட்டவில்லை. 1940-ல் 'ரித்ம் ஃபுத்யூர்' என்று ஒன்று, கேட்டால் இரும்புப் பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பீபாப் தட்டு எதுவும் பாரிஸுக்கு வருவதற்கு வருடங்கள் முன்பு இது. இசைக் குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், கிளாரினெட் வாசிக்கும் ஜெரார் லெவேக்கை உட்காரவைத்து, ரோமா மக்களுக்காக ஒரு தேவாலயத் திருப்பலி இசையை வாயால் சொல்லி எழுதவைத்தார், முடிக்கவில்லை. இப்படிப்பட்டவரை ஐந்து பேர் தந்திக் குழுவுக்குள் எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும்?

தூறல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கணக்குப் பாருங்கள். கிராப்பெல்லியோடு அந்தத் தந்திக் குழு தொடர்ந்து இருந்தது ஐந்து வருடம்கூட முழுசாக இல்லை. போருக்குப் பிறகு சில முறை மறுபடி கூடினார்கள், சரி. ஆனால் 1940 முதல் 1953 வரை பதின்மூன்று வருடம், பெரும்பாலும் டிரம்ஸோடுதான் வாசித்தார். டிரம்ஸ் இல்லாததுதான் 'ஜிப்சி ஜாஸ்' என்ற இலக்கணம் அவர் போன பிறகு, அவருடைய முப்பதுகளின் பதிவுகளைப் பார்த்து மற்றவர்கள் கட்டியது. அந்த இலக்கணத்தை வைத்து அவரையே திருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதுக்காது:
அக்கா, அண்ணன்மார்களே, எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜாங்கோவை நான் கேட்க ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். மின் கிதார் என்றால் என்ன மாறிவிடுகிறது? அதே ஆள், அதே விரல்கள்தானே? அவருக்கு இடது கையில் இரண்டு விரல்தான் வேலை செய்தது என்று படித்தேன், அது நிஜமா?

ஆறாம்தந்தி:
நிஜம் தம்பி. 1928-ல் அவருக்குப் 18 வயது. குடியிருந்த வண்டியில் மனைவி விற்பதற்குச் செய்துவைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் தீப்பிடித்து உடம்பில் ஒரு பக்கம் வெந்துபோனது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி நின்றுவிட்டன. அதற்கு முன்பே அக்கார்டியன்காரர்களுக்குப் பின்னால் பான்ஜோ வாசித்து இசைத்தட்டும் வந்திருந்தது, லேபிளில் பெயரைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள். ஆக, அதே கையை முதலிலிருந்து வேறு விதமாகப் பழக்க வேண்டியிருந்தது.

ஒரு தடவை ஆர்வத்தில் என் இரண்டு விரலையும் ஒட்டுப் பிளாஸ்டர் போட்டுச் சேர்த்துக் கட்டிவிட்டு வாசித்துப் பார்த்தேன். நான்கு விரல் இருப்பவன் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு தந்திக்குத் தந்தி ஏறுவான். இரண்டு விரலோடு அது நடக்காது. தந்தியின் நீளத்துக்கு ஓடியாக வேண்டும், குறுக்காகத் தாண்டியாக வேண்டும். அரை மணி நேரத்தில் என் கை தானாகவே ஜாங்கோ மாதிரிப் பாய ஆரம்பித்தது, அவருடைய வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அந்தக் கோடு புரிந்தது. கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) பிடிக்கும்போது மட்டும் மடங்கிய விரல்களை மேல் தந்திகளில் கொஞ்சம் பயன்படுத்துவார் என்கிறார்கள்.

தூறல்:
ஆறாம்தந்தி, இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி, ஏனென்றால் புதுக்காதின் முதல் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. விரல் மாறவில்லை. கோடும் மாறவில்லை. மாறியது ஒரு நோட் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது. அவர் முன்பு வாசித்த, மின்சாரம் இல்லாத செல்மர் கிதார் சத்தமாக, காரமாகப் பேசும், ஆனால் தட்டிய உடனே ஒலி தேய ஆரம்பித்துவிடும். ஒரு நீளமான ஸ்வரத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்றால் வலது கையால் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடது கை விரலை உதறி நடுங்கவைக்க வேண்டும். முப்பதுகளின் பதிவுகளில் இரண்டையும் கேட்கலாம். மின் கிதாரில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்கலாம். அதுதான் அவருக்குக் கிடைத்த புதுச் சொத்து. நோட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது திறமை குறைந்ததால் இல்லை, காத்திருக்க முடிந்ததால்.

முள்ளும்தட்டும்:
வாதமாகக் கேட்க நன்றாக இருக்கிறது தூறல். ஆனால் அந்த மாற்றத்தின் ஆரம்பம் எப்படி இருந்தது? 1946-ல் பெரிய ஜாஸ் குழு நடத்திய டியூக் எலிங்டனோடு வாசிக்க அமெரிக்கா போகிறார், தன் கிதாரைக்கூட எடுத்துப் போகவில்லை. பழக்கமில்லாத மின் கிதாரை மேடையில் வாசித்தார். நியூயார்க் கார்னகி ஹாலில் இரண்டாம் நாள் தாமதமாக வந்து சேர்ந்தார். பெரிய நம்பிக்கையோடு போனவர் வருத்தத்தோடு திரும்பினார். அந்த ஏமாற்றம்தான் பிறகு நான்கைந்து வருடம் பதிவுகளில் கேட்கிறது என்பது என் எண்ணம். 1947-ல் மின் கிதாரோடு செய்த சிலவற்றில் ஆம்ப் (ஒலிபெருக்கி) திணறுகிறது, வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன. பிறகு மனிதர் சாமுவா-சுர்-சேன் கிராமத்தில் போய் மீன்பிடித்துக்கொண்டும் படம் வரைந்துகொண்டும் இருந்துவிட்டார். தன் இசையோடு ஒட்டியிருந்தவர் அப்படி ஒதுங்குவாரா?

தூறல்:
1947 பதிவுகள் ஏற்ற இறக்கம் கொண்டவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதுப் பாஷை கற்றுக்கொள்கிறவர் திக்குவார். ஆனால் அமெரிக்கப் பயணத்தை வெறும் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. 1946 நவம்பர் 10-ஆம் தேதி சிகாகோ மேடையில் எலிங்டன் குழுவோடு வாசித்த நான்கு பாடல்கள் பதிவில் இருக்கின்றன. 'எ ப்ளூஸ் ரிஃப்' கேளுங்கள், அந்தப் பெரிய குழு பின்னால் பொங்கும்போது இவர் எவ்வளவு நிதானமாக நுழைகிறார் என்று. கூட்டம் கத்துகிறது.

சாமுவாவுக்குப் போனது 1951-ல். அதே வருடம் பாரிஸில் க்ளப் சாங்-ஜெர்மேனில் உய்பேர் ஃபோல், மிஷ்லோ போன்ற இளைஞர்களோடு வாசித்தார். ஒதுங்கியவர் அப்படிப் பையன்களோடு போய் உட்காரமாட்டார். 1953 ஏப்ரல் 8-ஆம் தேதி கடைசிப் பதிவில் பியானோ வாசித்தது மார்சியால் சொலால், 25 வயது, அவருடைய முதல் பதிவு அது. பிற்காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஜாஸ் பியானோ கலைஞர்களில் ஒருவராக ஆனவர். ஜாங்கோ கடைசி வரை யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதைப் பாருங்கள்.

புதுக்காது:
ஒரே பாட்டை வெவ்வேறு வருடத்தில் வாசித்தது இருந்தால் எனக்குக் கேட்கச் சுலபமாக இருக்கும். எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லலாமே?

மூன்றாம்சாமம்:
நல்ல யோசனை தம்பி. 'நுவாஜ்' எடுத்துக்கொள்ளலாம். 1940 அக்டோபரில் முதல் பதிவு, அது அவருக்கே திருப்தியாக இல்லை போலிருக்கிறது, டிசம்பரில் இன்னொரு கிளாரினெட்டுக்கு அலிக்ஸ் கொம்பெல்லைச் சேர்த்து மறுபடி செய்தார்கள், ஊர் முழுக்கப் பரவியது இந்த டிசம்பர் பதிவுதான். பிறகு போர் முடிந்து 1946 தொடக்கத்தில் லண்டனில் கிராப்பெல்லியோடு மறுபடி சந்தித்தபோது ஒன்று. கடைசியாக 1953 மார்ச். 1940 டிசம்பர், 1946, 1953 மூன்றையும் வரிசையாகக் கேட்போம். ஹெட்போனில் கேளுங்கள், வேறு வேலை வேண்டாம்.

புதுக்காது:
கேட்டுவிட்டேன், இரண்டு சுற்று. எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொல்கிறேன். 1940-ல் மெட்டைக் கிளாரினெட்டுகள் பாடுகின்றன, ஜாங்கோ அதன் மேல் வந்து பேசுகிறார், ஒரு சபையில் எழுந்து பேசுகிற மாதிரி. 1946-ல் இரண்டு நண்பர்கள், யார் பேச்சை யார் எங்கே விடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிகிறது. 1953-ல் மெட்டையே அவர்தான் வாசிக்கிறார், ஒவ்வொரு வரிக்கும் முடிவில் ஓர் இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது பாட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது. எது பெரிது என்று தெரியவில்லை. எனக்கு 1946 பிடித்திருக்கிறது.

முள்ளும்தட்டும்:
புதுக்காது, உன் காது புதுசு இல்லை.

நானும் கேட்டேன். 1953 பதிவை இதற்கு முன் கேட்டிருக்கிறேன், ஆனால் வரிசையில் வைத்துக் கேட்டதில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், குரல் போய்விட்டது என்று எழுதியது தப்பு. அந்த மெட்டின் முதல் வரி இறங்குகிற இடத்தில் நோட்டைக் கொஞ்சம் வளைத்துப் பிடிக்கிறார், அது 1937-ல் கேட்ட அதே கை. பட்டியலில் இதைச் சேர்க்கிறேன். ஆனாலும் என் முதல் கருத்தை முழுசாக வாபஸ் வாங்கமாட்டேன், 1949-ல் ரோமில் கிராப்பெல்லியோடு அறுபதுக்கும் மேல் பதிவு செய்தார்களே, அங்கே பின்னால் வாசித்த இத்தாலிய பியானோ, டிரம்ஸ் குழு இவர்கள் இருவரோடும் சேரவே இல்லை. ஜாங்கோவும் கிராப்பெல்லியும் ஒரு வீட்டில், மற்றவர்கள் அடுத்த தெருவில். பின்னால் ரிதம் கிதார் இருந்திருந்தால் அந்த ரோம் பதிவுகள் எங்கேயோ போயிருக்கும்.

தூறல்:
ரோம் பற்றி உங்களோடு ஒத்துப்போகிறேன் சார். ஜாங்கோ பறக்கிறார், கீழே தரை இல்லை. அதனால்தான் 1953-ல் மிஷ்லோவின் பாஸ் எனக்கு அவ்வளவு முக்கியம். ஒரு வேண்டுகோள் மட்டும், 1953 ஜனவரியில் பதிவான 'அனுமான்' ஒரு தடவை கேளுங்கள். மெட்டை ஃபோலின் சாக்ஸபோன் வாசிக்கிறது, ஜாங்கோவுக்கு நடுவில் கொஞ்ச நேரம்தான். உலகத்திலேயே வேகமான கிதார்காரர் தன் சொந்த மெட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் கார்டு வாசிக்கிறார்.

ஆறாம்தந்தி:
நேற்று ராத்திரி ஒரு காரியம் செய்தேன். டிரம்ஸ் வந்ததால் சுவாசம் போச்சு என்று எழுதியவன் நான்தானே, அதனால் 1953 'நுவாஜ்' பதிவை ஓடவிட்டுக் கூடவே லா போம்ப் அடித்துப் பார்த்தேன். என்னை அங்கே வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க. முதல் நான்கு தாள வட்டம் ஒட்டியது. பிறகு அவர் ஒரு வரியை முடித்துவிட்டுச் சும்மா நிற்கிற இடம் வந்தது, புதுக்காது சொன்ன அதே இடைவெளி. என் கை டக்-டக் என்று அதன் மேல் நடந்து போனது. ஜாங்கோ என்ன சொல்ல நின்றாரோ அது கேட்கவில்லை, என் கிதார்தான் கேட்டது. மெதுவாக அடித்துப் பார்த்தேன், பாதி அடித்துப் பார்த்தேன், கடைசியில் தந்தியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டு மிச்சத்தைக் கேட்டேன்.

காலையில் எழுந்ததும் 'மைனர் ஸ்விங்' போட்டுக் கூட வாசித்தேன். அங்கே எனக்கு இடம் இருந்தது. 'அனுமான்' இன்னும் கேட்கவில்லை தூறல், சனிக்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.